நடுவீட்டு அடைப்பு

புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
27-1-1957

என் படித்த தம்பி தனசேகரனுக்கு,

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் குளுவாங்கிலேயே குந்திக்கொண்டவனை நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை. அக்காவாகப் பிறந்து தொலைத்த பாவத்துக்குக் கேட்டுவைக்கிறேன். உன் அத்தான் நலம். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்ததே தவிர நாக்கு இன்னும் வளையவில்லை. என் இடியாப்பத்தை நூல்கண்டு என்கிறார். தின்பது மட்டும் குறையவில்லை.

இனி உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

போன செவ்வாய்க்கிழமை காலை வாசலில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். வெள்ளைக் கால்சட்டை போட்ட இரண்டு பேர் நாடாவை நீட்டிச் சந்தை அளந்துகொண்டே வந்தார்கள். ஒருவர் நம் ஆள். என் அடுப்புக்கு மேலேயே நாடாவைப் பிடித்தார்.

"என்ன தம்பி, கல்யாணப் பந்தலா? என் வீட்டுல பொண்ணு கிடையாதே," என்றேன்.

"ஹோட்டல் கட்டப் போறாங்கம்மா."

"எங்கே?"

"நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான்."

அச்சு கையிலிருந்து நழுவிவிட்டது.  பூவம்மா வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே என்று பக்கத்து வீட்டுப் பிரிஜட் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். நம் வரிசை வீடுகள் அத்தனையையும் வீட்டுக்காரர் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பப் போகிறார்களாம். கீழே கடைகள், மேலே தங்கும் அறைகள். அறையை மணிக்கணக்குக்கும் விடுவார்களாம். அதைக் கேட்டு உன் அத்தான் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஜமால் முகம்மது வந்து எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "சட்டம் உங்க பக்கம்தான் லா. வாடகையைக் கட்டிக்கிட்டுக் குடியிருக்கிற வரைக்கும் யாரும் உங்களைக் கிளப்ப முடியாது. ஆனா ஒரு வீடு ஆள் இல்லாமக் கெடந்தா அதை அவங்க எடுத்துக்கலாம். உங்க வீடெல்லாம் ஒரே சுவத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணைப் புடுங்கினா மத்ததும் ஆடும், பல்லு மாதிரி."

அதனால் ஒரு சத்தியம் செய்திருக்கிறோம். எந்த வீடும் ஒரு பொழுதுகூடப் பூட்டிக் கிடக்கக் கூடாது. ஊருக்கே போனாலும் ஓர் ஆளை வைத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும். நாங்கள் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். பிரிஜட் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நகராண்மைக்கு மனு கொடுக்க வேண்டும். அதை எழுத இங்கே யார் இருக்கிறார்கள்? நீ பாடம் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து எழுத்தைத் தலைகீழாகக் கற்றுக்கொண்ட நானா? தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி அனுப்பு. "வாத்தியார் தம்பி இருக்கிறப்போ நமக்கென்ன கவலை" என்று சந்தே சொல்கிறது. நான் கழுத்தை ஒரு முழம் நீட்டிக்கொண்டு நடக்கிறேன்.

உன்னைச் சுமந்து இடுப்பு வலி வாங்கியவள்,
பூவம்மா


தோட்டத் தமிழ்ப் பள்ளி,
குளுவாங்.
3-2-1957

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கண்டு திடுக்கிட்டேன். நான் பிறந்ததும் நீங்கள் என்னை வளர்த்ததும் அந்த வீட்டில்தான். அங்கே ஹோட்டல் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

மனுவை இரு மொழிகளிலும் எழுதி இணைத்துள்ளேன். இது ஆண்டாண்டுகளாகக் குடும்பங்கள் வாழும் பகுதி, கோயிலும் பள்ளியும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன, இங்கே இரவுத் தங்கல் விடுதி தகாது என்று விளக்கியிருக்கிறேன். ஜமால் முகம்மது சொன்னது மிகச் சரி. ஒற்றுமை குலைய வேண்டாம்.

மனு கொடுக்கப் போகும் இடத்தில் அதிகாரிகளைக் கேலி செய்ய வேண்டாமென்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி,
மு. தனசேகரன்


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
10-3-1957

என் தம்பி வாத்தியாருக்கு,

நான் யாரையும் கேலி செய்யவில்லை. அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சென்றது. "நாற்காலிக்கே நம்ம கஷ்டம் புரியுது" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு அவரே சிரித்துவிட்டார்.

உன் மனுவை ஜமால் முகம்மது வாசித்தபோது எங்களுக்கே நாங்கள் பெரிய மனிதர்கள் என்று தோன்றிவிட்டது. விசாரித்து முடிக்கும்வரை கட்டட அனுமதி கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் சந்தில் தீபாவளிதான். பிரிஜட் கேக் சுட்டாள். நான் பால்பாயசம் வைத்தேன்.

கம்பெனியின் கிராணி சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக வந்து பல்லைக் காட்டினான். பிரிஜட்டிடம், "உங்களுக்கு வேற எடத்துல புது வீடு பாத்துத் தர்றோம். மாதா படத்தை எங்க மாட்டினாலும் மாதாதானே?" என்றிருக்கிறான். அவள், "உன் தலையை எங்க மாட்டினாலும் உன் தலைதானா?" என்று கேட்டாளாம். எனக்கு இப்படி ஒன்று தோன்றவில்லையே என்று இரண்டு நாள் வயிற்றெரிச்சல்.

எங்கள் வரிசையின் நடுவீட்டு முத்துசாமி பெரியவர்தான் எங்கள் தளபதி. மகன் பாலகிருஷ்ணனும் மருமகள் பாக்கியமும் எவ்வளவு சொன்னாலும் உள்ளே போய்ப் படுக்க மாட்டேன் என்கிறார். வாசலில் கட்டில் போட்டுத் தடியோடு உட்கார்ந்திருக்கிறார். கிராணி தலையைக் கண்டாலே, "வாடா, உன் அளவு நாடாவைக் கொண்டா, உன்னை அளந்து பாக்கிறேன்" என்கிறார்.

ஜெயித்துவிட்டோம் தம்பி. நீ எழுதியதால் ஜெயித்தோம்.

தலைகால் புரியாத அக்கா,
பூவம்மா


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
28-3-1957

தம்பி தனசேகரனுக்கு,

 எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முத்துசாமி பெரியவர் போய்விட்டார். நேற்றுப் புதன்கிழமை விடியற்காலை. ராத்திரி என்னிடம் வம்பு பேசிவிட்டு, "காலையில ரெண்டு இடியாப்பம் எடுத்து வையி, நூல்கண்டா இருந்தாலும் பரவால்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்த மனிதர். பாக்கியம் எழுந்து போய்க் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். அவள் தலையை மடியில் எடுத்து வைக்கவும் கடிகாரம் ஐந்தரை அடிக்கவும் உயிர் பிரிந்துவிட்டது. நான் இரண்டு இடியாப்பத்தோடு வாசலில் நின்றேன். 

எடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு காரியம் உன்னால் ஆக வேண்டும். என்ன நட்சத்திரத்தில் போனார், வீட்டுக்கு அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கோயிலில் போய்க் கேட்கிறேன் என்றார் பாலகிருஷ்ணன். நான்தான், "என் தம்பி ஊர்லேர்ந்து பஞ்சாங்கம் வரவழைச்சு வச்சிருக்கான். அவன் பாத்தாப் பத்துக் குருக்கள் பாத்த மாதிரி" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். உடனே பார்த்து எழுது.

பூவம்மா


குளுவாங்.
31-3-1957

அன்புள்ள அக்காவுக்கு,

பெரியவரின் மறைவு கேட்டு மனம் கலங்கினேன். சிறுவயதில் எனக்குப் பட்டம் கட்டித் தந்தவர்.

பஞ்சாங்கம் பார்த்தேன். அன்று விடியற்காலை நாலே முக்கால் மணிக்கே திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிட்டது. ஐந்தரைக்கு உயிர் பிரிந்ததால் அவிட்டத்தில் மரணம். ஐயமே இல்லை. ஆறு மாதம் அடைப்பு. கருமாதி முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பம் வேறு இடத்தில் தங்க வேண்டும். அதுவரை அங்கே விளக்கு எரியலாகாது, அடுப்பு மூட்டலாகாது, யாரும் வாசலை நெருங்கலாகாது. மீறினால் அதே வீட்டில் இன்னோர் உயிருக்கு ஆபத்து.

பாலகிருஷ்ணனிடம் ஆறுதல் கூறவும்.

தம்பி,
தனசேகரன்


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
4-4-1957

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் ஜமால் முகம்மது எழுந்து நின்றுவிட்டார். "ஆறு மாசமா? அக்கா, சட்டத்துக்கு நட்சத்திரம் தெரியாது. அவன் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான். வேற வீடா இருந்தாலும் பரவால்ல, நடுவீடு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பாக்கியம் பாவம், அழுவதா பயப்படுவதா என்று தெரியாமல் இருக்கிறாள். பிரிஜட் ஒரு வழி சொன்னாள். "நான் வேதக்காரி. உங்க நட்சத்திரம் என்னை என்ன செய்யும்? நான் போய் அங்க படுத்துக்கறேன். ஒரு விளக்கைக் கொளுத்தி வைக்கிறேன். கம்பெனிக்காரன் வந்தாத் துடைப்பத்தால வரவேற்கிறேன்." நல்ல யோசனையாகத்தான் எனக்குப் படுகிறது. இதற்குச் சாஸ்திரத்தில் இடமுண்டா? கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாரேன். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு மார்க்கு போடுகிற மாதிரி இறுக்கிப் பிடிக்காதே.

பூவம்மா


குளுவாங்.
7-4-1957

அன்புள்ள அக்காவுக்கு,

அடைப்பு என்றால் அடைப்புதான். எந்த மதத்தவர் ஏற்றினாலும் விளக்கு விளக்கே. பிரிஜட்டின் நல்ல மனத்தை மதிக்கிறேன். அதற்காகப் பாலகிருஷ்ணனின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. நாளை ஒன்று நேர்ந்தால் நீங்களும் நானும் பாக்கியத்தின் முகத்தில் விழிக்க முடியுமா? வீடு போனால் வேறு வீடு. உயிர் போனால்?

பொருள்களை உள்ளேயே விட்டுப் பூட்டினால் குடியிருப்பதாகவே சட்டம் கருதும் என்று எண்ணுகிறேன்.

தனசேகரன்


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
14-4-1957

வருஷப் பிறப்பும் அதுவுமாக என் தம்பிக்கு,

நீ சொன்னபடியே ஆயிற்று. பதினாறாம் நாள் முடிந்ததும் பூட்டிவிட்டோம். பாத்திரம் பண்டம், பெரியவர் கட்டில், எல்லாம் உள்ளே. பாக்கியம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் அண்ணனுக்கு நேவல் பேஸில் குவார்ட்டர்ஸ். அங்கே ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். பாலகிருஷ்ணன் வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார்.

ஜமால் முகம்மது கோபித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவதில்லை. நடுவீட்டு வாசலை யாரும் மிதிப்பதில்லை. சந்தில் நடப்பவர்கள்கூட அந்த இடம் வந்ததும் எதிர்ப்புறம் தாண்டிப் போகிறார்கள். உன் அத்தான் ஒருநாள் மறந்துபோய் அந்தப் பக்கமாக வந்துவிட்டார். குளிக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று வாசலிலேயே தலையில் தண்ணீரைக் கொட்டினேன். "உன் தம்பி பஞ்சாங்கத்துல எனக்கு ஜலதோஷம் போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வரிசையில் விளக்கு எரியும்போது நடுவில் மட்டும் இருட்டாக இருக்கிறது. பார்க்கத்தான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

பூவம்மா


குளுவாங்.
20-5-1957

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நல்ல மழை. பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. அத்தானின் முதுகு எப்படியிருக்கிறது?

ஒன்று சொல்ல மறந்தேன். அடைப்பு ஆறு மாதம் என்றாலும், சிலர் சாந்தி செய்துவிட்டு முன்னதாகவே திறந்துகொள்வதுண்டு. அதில் பெரிய தோஷமில்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாலகிருஷ்ணன் விரும்பினால் செய்யலாம். நான் வற்புறுத்தவில்லை. அவரவர் விருப்பம்.

பலாப்பழம் பழுத்திருக்கிறது. யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தனசேகரன்


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
25-5-1957

இளகிப்போன வாத்தியாருக்கு,

உன் மனசு தங்கம் என்று எனக்குத் தெரியும். எங்கள் கஷ்டத்தை நினைத்து நீ இப்படி விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாய். பாலகிருஷ்ணனிடம் சொன்னேன். "அக்கா, வாத்தியார் நம்ம மேல இருக்கிற பிரியத்துல சொல்றாரு. சாஸ்திரம் ஆறு மாசம்னா ஆறு மாசம் இருந்துட்டுப் போறோம். அவர் வாக்கை நாங்க மீற மாட்டோம்" என்று கைகூப்பினார். நானும் அதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். நீ கவலைப்படாதே. பாதி நாளைக் கடக்கப் போகிறோம்.

பலாப்பழத்தை அனுப்பு. சாந்தியெல்லாம் வேண்டாம்.

பூவம்மா


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
18-6-1957

தம்பி,

கூரையைப் பிரித்துவிட்டார்கள்.

நேற்றுக் காலை ஏணிகளோடு லாரி வந்து நின்றது. நாங்கள் என்ன ஏதென்று ஓடுவதற்குள் நாலு பேர் நடுவீட்டு மேலே ஏறி ஓட்டைக் கழற்றி வீச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கத்தினேன். என் குரல் உனக்குத் தெரியும், தேக்கா சந்தை வரைக்கும் கேட்டிருக்கும். கிராணி பையிலிருந்து கோர்ட்டுத் தாளை எடுத்துக் காட்டினான். போலீஸ்காரரும் கூடவே நின்றார்.

"ஆள் இல்லாத வீடும்மா. நோட்டீஸ் ஒட்டினோம். யாரும் பதில் சொல்லலை. கோர்ட்டு எங்களுக்குக் கொடுத்துருச்சு."

"நோட்டீஸா? எங்கடா ஒட்டினே?"

"கதவுலதான். ரெண்டு வாரமா ஒட்டியே இருக்கு. உங்க கண்ணு முன்னாலதானே?"

போய்ப் பார்த்தேன் தம்பி. தோஷமாவது ஒன்றாவது என்று படி ஏறிப் போய்ப் பார்த்தேன். கதவில் இருந்தது. வெள்ளைத் தாள். மழையில் ஓரம் சுருண்டிருந்தது. இத்தனை கண்களுக்கும் எதிரில் இருந்திருக்கிறது. அந்த வாசல் பக்கம் தலையைத் திருப்பாமல் நாங்கள் எல்லாரும் எதிர்ப்புறமாக நடந்துகொண்டிருந்தோம்.

பாலகிருஷ்ணனுக்கு ஆள் அனுப்பி அவர் வந்து சேர்வதற்குள் வானம் தெரிந்துவிட்டது. பாக்கியம் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியவர் கட்டிலை ரோட்டில் போட்டிருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்வது, சொல்.

பூவம்மா


குளுவாங்.
24-6-1957

அக்காவுக்கு,

செய்தி கேட்டு வருந்தினேன். ஜமால் முகம்மதுவிடம் பணிவாகப் பேசி வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்க்கவும். நோட்டீஸைப் படிக்காதது பெரும் தவறு. இந்த நேரத்தில் எதையும் சொல்லிப் பயனில்லை.

தனசேகரன்


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
21-7-1957

தம்பி தனசேகரனுக்கு,

முடிந்துவிட்டது. கூரையில்லாத வீட்டில் பெய்த மழையெல்லாம் பொதுச் சுவரில் இறங்கிற்று. முதலில் பிரிஜட் வீட்டுப் பக்கம் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பியது. பத்தாம் தேதி அவள் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாதா படத்தோடு சுவர் சரிந்து விழுந்தது. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதால் பிழைத்தாள். நகராண்மை எஞ்சினியர் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார். வரிசை முழுவதும் ஆபத்தாம். ஆகஸ்டு முடிவதற்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபத்தான கட்டடத்துக்கு வாடகைச் சட்டம் உதவாதாம். எங்களைக் கிளப்பக் கம்பெனி ஒரு சுண்டுவிரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்று கேள். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பாக்கியம், "வீடு போனாப் போகுது அக்கா. வாத்தியார் சொல்லாட்டி என் புருஷன் போயிருப்பாரு" என்றுதான் சொல்கிறாள். இரண்டு கடிதமாக நீ சுருங்கிப் போயிருக்கிறாய். இதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நீ சாஸ்திரத்தில் உள்ளதைச் சொன்னாய். திருடன் திருடினால் பஞ்சாங்கம் என்ன செய்யும்? வந்து ஒருநாள் இருந்துவிட்டுப் போ. வீடு நிற்கும்போதே வந்து பார்த்துவிட்டுப் போ.

உன் அக்கா,
பூவம்மா


புறாக்கூண்டுச் சந்து,
சிங்கப்பூர்.
11-8-1957

தம்பி,

நீ பலாப்பழம் கொடுத்தனுப்பிய அண்ணாதுரை வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் தாமே பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். காப்பி கொடுத்தேன். உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். நானும் பெருமையாகக் கேட்டேன்.

"வாத்தியாரு கெட்டிக்காரரு அக்கா. சித்திரைக் கடைசியில எங்க தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல ஒரு கிழவி செத்துப்போச்சு. பஞ்சாங்கத்தைப் பாத்துட்டு அடைப்புன்னாரு. லயத்துல அடைப்புன்னா நாங்க எங்க போவோம்? பொம்பளைங்க அழ ஆரம்பிச்சிட்டாங்க. பக்கத்துத் தோட்டத்துப் பண்டாரம் அப்பத்தான், 'வாத்தியாரே, பஞ்சாங்கத்துல போட்டிருக்கிறது இந்தியா ஊர் மணியில்ல? ஊர்ல விடிய ரெண்டு மணி நேரம் இருக்கிறப்போ நமக்கு விடிஞ்சிருதே. நம்ம கடியாரத்துல ரெண்டு மணியைக் கழிச்சுட்டுல்ல பாக்கணும்' அப்படின்னாரு. கழிச்சுப் பாத்தா முந்தின நட்சத்திரம். அடைப்பே இல்லை!"

"அப்புறம்?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்புறம் என்ன, எல்லாருக்கும் சந்தோசம். வாத்தியாருக்குத்தான் மொகம் செத்துப்போச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'சிங்கப்பூர்ல ஒரு வீட்டுக்கு இதைக் கழிக்காமச் சொல்லிப்புட்டேன் அண்ணாதுரை, யார்கிட்டயும் மூச்சு விடாதே' அப்படின்னாரு. உங்ககிட்டச் சொல்லலாம், நீங்க அக்கா. எந்த வீடுங்க அது?"

என் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். எந்த வீடு என்று கேட்கிறார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். கூரை இல்லாத வீடு.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

தம்பி, எனக்குக் கணக்குத் தெரியாது. உன் அத்தானை உட்காரவைத்து ஐந்தரையில் இரண்டைக் கழிக்கச் சொன்னேன். மூன்றரை. மூன்றரைக்கு அவிட்டம் பிறக்கவில்லை. பெரியவர் திருவோணத்தில் போனார். அதற்கு அடைப்பே இல்லை.

தப்பாகப் பார்த்தாய். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, சத்தியமாக. பஞ்சாங்கம் ஊரில் அச்சடித்தது, நாம் இருப்பது இங்கே. யாருக்கும் தவறும். சித்திரைக் கடைசியில் உனக்குத் தெரிந்துவிட்டதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்போது நடுவீட்டுக்குக் கூரை இருந்தது. கதவில் தாள் ஒட்டவில்லை. ஒரு தபால் கார்டில் "தப்பு, திற" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் மறுநாள் பாக்கியம் உலை வைத்திருப்பாள். நீ மழையைப் பற்றி எழுதினாய். சாந்தி என்று எழுதினாய். அவரவர் விருப்பம் என்று எழுதினாய். நான் அதைப் படித்துவிட்டு உன் மனசு தங்கம் என்று எழுதினேனே, அதை எந்த முகத்தோடு படித்தாய்?

இத்தனை வயதுக்கு எனக்கு இப்படி ஓர் அடி விழுந்ததில்லை. வீடு இடிந்ததில்கூட இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியம் இன்னும் உன்னைக் கும்பிடுகிறாள். இந்த மாதக் கடைசியில் ஆளுக்கொரு திக்காகப் போய்விடுவோம். அதற்குள் வா. வந்து அவள் எதிரில் நின்று உன் வாயால் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்வோம், நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன். கோயிலுக்குப் போகிறேன் என்றவரைத் தடுத்தவள் நான்தானே. அதன் பிறகு நீ என் தம்பிதான், ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் வந்தால் இறங்கும் இடத்தில் உன் அத்தான் காத்திருப்பார்.

வா தம்பி.

பூவம்மா


குளுவாங்.
19-8-1957

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மலாயா சுதந்திரம் பெறும் மெர்டேக்கா விழாவுக்குப் பிள்ளைகளைப் பாட்டுக்கும் அணிவகுப்புக்கும் பழக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருப்பதால் இப்போது புறப்பட இயலாத நிலை. அண்ணாதுரை நல்லவர் எனினும் அதிகம் பேசுபவர். பலரிடமும் நற்பெயர் எடுத்து வாழும் ஒருவனுக்குச் சில சங்கடங்கள் உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

நீங்கள் புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்திருக்கிறேன். ஆவணி 13, வியாழக்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல் பத்துக்குள். ஊர் மணிக்கும் நம் மணிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தே கணக்கிட்டுள்ளேன். ஐயம் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தனசேகரன்


சிங்கப்பூர்.
25-8-1957

திரு. தனசேகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

பால் காய்ச்சியாகிவிட்டது. நேற்று. சனிக்கிழமை. லாரி நேற்றுத்தான் கிடைத்தது. மழையில் விறகு நனைந்திருந்தது. எப்போது பற்றியதோ அப்போது பாலை வைத்தேன். மணி பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் நேவல் பேஸுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். என் பங்கைச் சொன்னேன், உங்கள் பங்கையும் சொன்னேன். எது எப்போது தெரிந்தது என்பதையும் மறைக்கவில்லை. துடைப்பத்தை எடுப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். 

"அப்போ மாமா நல்ல நேரத்துலதான் போனாராக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"சாகிறதுக்கு வேற நாள் கெடைக்கலையான்னு இத்தனை மாசமா மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டிருந்தேனே," என்று சொல்லி அழுதாள். செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. அவருக்குக் கருமாதி செய்தபோது வாய்விட்டு அழக்கூட விடாமல் எங்களை எல்லாம் பயம் பிடித்து வைத்திருந்தது. நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கிழவருக்காக அழுதோம்.

உங்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேலே என் புது விலாசம் இல்லை. எழுத மறந்ததல்ல.

துரைசாமி மனைவி,
பூவம்மா